ஞானசீலன் விழுந்த பக்கம்

மல்லாங்கிணறு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து 1964இல் ஓய்வு பெற்ற ஞானசீலன், சாத்தூரில் குடியேறிய கையோடு தன் வாழ்க்கை வரலாற்றை எழுத உட்கார்ந்தார். நாடு அதைக் கேட்கவில்லை. கேட்கும்வரை காத்திருந்தால் காலம் போய்விடும் என்று அவருக்குத் தோன்றியது.

முதல் அத்தியாயம் முன்னோர்களைப் பற்றியது. இரண்டாவது, அவர் பிறந்த அன்று பெய்த மழையைப் பற்றியது. மழை பெய்ததாக யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஆனால் அப்பேர்ப்பட்டவர் பிறக்கும்போது ஒரு தூறலாவது விழாமலா இருக்கும்? மூன்றாவதிலிருந்து அவர் ஆற்றிய சொற்பொழிவுகள்.

ஒரு சாயங்காலம் அதை மனைவி ஞானபூரணிக்கு வாசித்துக் காட்டினார். நர்ஸ் வேலை பார்த்த அந்த அம்மாள், சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டாள். வெகுநேரம் கழித்து, "யாரு இந்த ஆளு?" என்றாள்.

"நான்தான் பூரணி."

"அப்படியா? இம்புட்டு வருசமாக் குடும்பம் நடத்துறேன், இவரைப் பாத்ததே இல்லையே."

அவர் காதில் விழாதவர் போல மேலே வாசித்தார். 'காலரா பரவிய காலத்தில் மாணவர்களின் அச்சத்தைப் போக்கி, ஊசி போடும் பணியை வெற்றிகரமாக நிறைவேற்றினேன்.' சுளகு நின்றது.

"எப்படி வெற்றின்னு எழுதலையா?"

நடந்தது இதுதான். 1951இல், ஊசி என்றதும் பிள்ளைகள் அலறின. வீரம் என்றால் என்ன என்று ஞானசீலன் அரைமணி நேரம் முழங்கிவிட்டு, "முதலில் எனக்குப் போடுங்கள்" என்று சட்டைக் கையைச் சுருட்டினார். ஊசியோடு நின்றது பூரணிதான். அவள் அதை உயர்த்தி ஒரு சொட்டு மருந்தைப் பீய்ச்சிப் பார்த்தாள். அவ்வளவுதான், மனிதர் கரும்பலகையோடு சாய்ந்தார். அழுத கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. ஊசிக்குப் பயந்து பருத்திக் காட்டுக்குள் ஒளிந்திருந்த மாணவி ராமுத்தாயும் வேடிக்கை பார்க்க ஓடிவந்து மாட்டிக்கொண்டாள். ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் போட்டாயிற்று. மயக்கம் தெளிவதற்குள் தலைமை ஆசிரியருக்கும் போட்டாயிற்று.

"இதையெல்லாம் எழுதினா நாலு பேரு என்ன நினைப்பாக?"

"நாலு பேரு படிப்பாக. மத்ததை யாரு படிப்பா?"

இரண்டு நாள் அவர் அவளோடு சரியாகப் பேசவில்லை. பிறகு எழுதினார்: 'தற்காலிக உடற்சோர்வு ஏற்பட்டது.' அவள் உதட்டைப் பிதுக்கினாள். 'சற்றே சாய்ந்தேன்' என்று மாற்றினார். அதற்கும் அதே உதடு. 'விழுந்தேன்' என்ற சொல்லுக்கு வந்து சேர ஒரு வாரம் பிடித்தது. முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

சிவகாசி அச்சாபீஸ் முதலாளி சீனிவாசகம், வெடி லேபிள் ஆர்டரெல்லாம் முடியட்டும் என்று இழுத்தடித்து, தீபாவளி சீசன் கழிந்த பிறகே அச்சுக் கோக்க ஆள் விட்டார். அச்சைத் திருத்தப் போன ஞானசீலனிடம் அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

"சார், ஒரு பக்கம் வந்ததும் எங்க ஆளுக வேலையைப் போட்டுட்டுச் சிரிக்காக."

"எந்தப் பக்கம்? மதுரையில நான் பேசின பேச்சா?"

"இல்ல சார். நீங்க விழுந்த பக்கம்."

அச்சுத்தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மழை போயிற்று. முன்னோர்கள் போனார்கள். சொற்பொழிவுகளை அடித்து நீக்கும்போது மட்டும் பேனா ஓடவில்லை. பூரணி வாங்கி அடித்துக் கொடுத்தாள். மிஞ்சியது கையளவுதான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வேற எங்கன எல்லாம் விழுந்திருக்கேன்?" என்று கேட்டார்.

"அது நெறைய இருக்கு. காப்பி போட்டுக் கொண்டாங்க, சொல்றேன்."

மறுவருடம் புத்தகம் ஒல்லியாக வெளிவந்தது. வழியில் பார்த்த பழைய மாணவர்கள், வணக்கம் சொல்லும் முன்பே சிரித்தார்கள். முதலில் சண்டைக்கு வந்தவர் பூரணியின் அண்ணன் பால்துரை.

"மாப்பிள்ளை, எம்புட்டு வருச உறவு. என் பேரு ஒரு இடத்துல கூட இல்லையே."

"நீங்க எங்கயும் விழலையே மச்சான்."

"ஏன் விழல? எம். புதுப்பட்டிக் கல்யாணத்துல, புது வேட்டியோட, ரசப் பானைக்குள்ள..." என்று பால்துரை மார்பை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.