காலி பாட்டிலும் ஃபெயில்

நல்ல மூக்கு இருக்கிற யாரும் ஓசியில் செய்துவிடுகிற வேலைக்குத்தான் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு எங்கள் தீவிலுள்ள டாலிகஞ்ச் லேபில் உட்கார்ந்திருக்கிறேன். சாம்பிள் பாட்டிலைச் சூடாக்கினால், உள்ளே மேலாக நிற்கும் காற்றை எங்கள் மெஷின் முகர்ந்து பார்க்கும். சால்வென்ட் என்கிற கரைப்பான் இருந்தால் திரையில் ஓடும் கோட்டில் ஒரு கூம்பு எழும். அதிலும் லேசில் ஆவியாகாத கொழுப்பெடுத்த சால்வென்ட் என்றால் அது படுத்துகிற பாடு, இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட மகாஜனங்களே, உங்களுக்குத் தெரியாததா!

தேங்காய் சிப்ஸ் அக்கா

சிப்பிகாட் ஊரில் தேங்காய் சிப்ஸ் போடுகிற செல்வராணி அக்கா ஒரு நாள் கட்டைப் பையோடு வந்து இறங்கினார். பிரிண்ட் போட்ட பைகளில் சிப்ஸை அடைத்து, கப்பலுக்கு ரெடியாக வைத்திருக்கிறார். பிரிண்ட் மையின் சால்வென்ட் பையில் தங்கவில்லை என்று ரிப்போர்ட் வந்தால்தான் மெயின்லாண்ட் கடைக்காரர் எடுப்பாராம். இல்லையென்றால் அத்தனை பையையும் கிழித்துக் கொட்ட வேண்டியதுதான்.

ஒரு பையை நறுக்கி மெஷினில் போட்டேன். கூம்பு எழுந்தது. சும்மா இல்லை, கோபுரம் மாதிரி! விஷயத்தைச் சொன்னதும் அக்கா இன்னொரு பையைத் தானும் மோந்து, என் மூக்கிலும் வைத்து, மெஷினை முறைத்தார்.

"எனக்கும் வாசம் தெரியல, உங்களுக்கும் தெரியல. இதுக்கு மட்டும் எப்படிம்மா தெரியுது?"

காலி பாட்டில்

சந்தேகம் வந்து, ஒன்றுமே இல்லாத பாட்டிலை மூடி ஓட்டினேன். அதே இடத்தில் அதே கூம்பு! ஐயோ, சிரிப்பதா அழுவதா? மூடி மாற்றினேன், ஊசி மாற்றினேன், புது பாட்டில் பிரித்தேன். சூட்டை ஏற்றினேன், ரப்பர் மூடி உப்பிக்கொண்டு 'புஸ்' என்றது. கூம்பு மட்டும் ஜம்மென்று நின்றது.

மெயின்லாண்டில் இருக்கும் சர்வீஸ் இன்ஜினியருக்கு போன் போட்டேன். நெட்வொர்க் அறுந்து அறுந்து ஒட்ட, மனுஷர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மேடம், பாட்டில் நிஜமாவே காலியா?"

புழுக்கம்

கரண்ட் போனது. ஜெனரேட்டர் மெஷினைத் தாங்கும், ஏ.சி.யைத் தாங்காது. வியர்த்து வழிய, வீம்புக்கு இன்னொரு காலி பாட்டிலை ஓட்டினேன். கூம்பு இளைத்திருந்தது. அடுத்ததில் காணவே காணோம்! நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றி, அண்ணாந்து பார்த்தேன். ஏ.சி.யின் வாய் நேராக மெஷினின் சூடான குழாயைப் பார்த்து, அதுவும் உறை விலகிய அதன் மூட்டுப் பக்கம் பார்த்து!

இட்லிப் பானை மூடியில் ஆவி சொட்டுகிற கதைதான். அளவு பார்க்க நாங்களே சால்வென்ட் கலந்து முதலில் ஒரு பாட்டில் ஓட்டுவோம். அந்த ஆவி குளிர்ந்த மூட்டில் படிந்து, அடுத்து வருகிறவர் தலையில் சொட்டியிருக்கிறது. ஏ.சி. ரெக்கையைக் கம்பி கட்டி அப்படித் திருப்பி வைத்தது எங்கள் வங்காளி டெக்னீஷியன் பிஸ்வாஸ் தாதா, அதாவது பிஸ்வாஸ் அண்ணன். கூப்பிட்டுக் கேட்டேன். முகம் வாடிப்போயிற்று பாவம்.

"அரே மேடம், நமக்கே இவ்வளவு கர்மி. இத்னா பெரிய மெஷினுக்குப் புழுங்காதா?"

ரிப்போர்ட்

ரெக்கையைத் திருப்பி, மூட்டுக்கு உறை சுற்றி, காலி பாட்டில் சுத்தம் என்று உறுதியான பிறகு அக்காவின் பையைப் போட்டேன். அக்கா கையைக் கூப்பியபடி பக்கத்திலேயே நின்றார். கோடு தரையோடு தரையாகப் போனது. கூம்பு எழ வேண்டிய இடத்தையும் தாண்டிப் போனது! எனக்குக் குதிக்கத் தோன்றியது, குதித்தேன். தாதா விசிலடித்தார். நடந்த கதையைக் கேட்ட அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பிடிபிடியென்று பிடித்தார்.

"உங்க மெஷினுக்கு ஜலதோஷம் புடிச்சதுக்கு என் சரக்கையெல்லாம் கிழிக்கப் பார்த்தீங்களேம்மா!"

அக்காவின் சிப்ஸ் கப்பலேறிவிட்டது, மெஷினின் மூக்கும் திறந்துவிட்டது, ஏ.சி. இப்போது என் நாற்காலிப் பக்கம் வீசுவதால் அந்த ஜலதோஷம் மட்டும் எனக்கு மாற்றலாகி வந்திருக்கிறது.