ஆறு மாதம் பூட்டியிருந்த அறை

பம்பாய் செம்பூரில் நாங்கள் குடியிருந்த, ஒற்றை அறைகள் வரிசையாக இருக்கும் சால் கட்டடத்தில் எங்கள் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் கடையநல்லூர்க்காரத் தம்பதி. பிள்ளை இல்லை. அவர் தாராவியில் தோல் பைப் பட்டறையில் வேலை பார்த்தார். அந்த அம்மா வீட்டிலேயே மெஷின் போட்டு உள்பாவாடை தைத்துக் கடைகளுக்குக் கொடுத்தாள். அவர்கள் வழக்கப்படி அக்கா என்பதை லாத்தா என்றுதான் நான் அவளைக் கூப்பிடுவேன். என் மூத்தவள் பிறந்தபோது ஊரிலிருந்து யாரும் வரமுடியவில்லை. நாற்பது நாளும் எனக்குச் சோறு வடித்தது, பிள்ளையைக் குளிப்பாட்டியது, எல்லாம் லாத்தாதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவள் புருஷனுக்கு நெஞ்சுச் சளி முற்றிவிட்டது. ஊருக்குக் கூட்டிப்போனாள். கிளம்பும்போது சாவியை என் கையில் வைத்தாள்.

"வாரத்துக்கு ஒருக்க தொறந்து காத்தாட விடு புள்ள. மெஷினுக்கு எண்ண போடு. வாடகய மட்டும் மறக்காம குடுத்துரு. அவுஹளுக்குச் சொகமானதும் வந்துருதோம்."

மூன்றாம் மாதம் அவர் போய்விட்டார். 'இத்தா இருக்கேன், நாலு மாசம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது, முடிஞ்சதும் வந்துருதேன், ரூமப் பாத்துக்கோ' என்று யாரையோ வைத்துக் கடிதம் எழுதியிருந்தாள். அதைப் படித்து அழுதேன். டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்தேன்.

அந்த மாதத்திலிருந்து வீட்டுக்கார சேட்டின் குமாஸ்தா அவள் வாடகையை வாங்க மறுத்தான். "ரசீதில் பேர் இருக்கிற ஆள் வரட்டும்" என்றான். மணியார்டர் அனுப்பினால் மறுத்ததற்குச் சாட்சி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

எட்டாம் மாதம் வெள்ளைச் சேலையோடு லாத்தா திரும்பி வந்தாள். வந்த வாரமே வக்கீல் நோட்டீஸ். அறையை ஆறு மாதத்துக்கு மேல் பூட்டிப் போட்டுவிட்டாள், காலி செய்ய வேண்டும்.

மாட்டுங்காவில் ஒரு தமிழ் வக்கீலிடம் அவளோடு நானும் போனேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "புருஷன் இறந்தால், அவரோடு குடியிருந்த மனைவிக்குத்தான் வாடகை உரிமை. காரணமில்லாமல் பூட்டி வைத்தால்தான் தப்பு. உங்களுக்கு இருந்த காரணத்தைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் நீங்கள் சொன்னால் மட்டும் போதாது. சாவி வைத்திருந்தவர் வந்து சொல்லணும். அந்தக் கடிதம் இருந்தால் இன்னும் நல்லது."

இரண்டு நாள் கழித்துக் குமாஸ்தா எங்கள் அறைக்கு வந்தான். டீ வேண்டாம் என்றான். தலையைத் தூக்கி, சாமான் வைக்க என் கணவர் அடித்திருந்த பலகைப் பரணைப் பார்த்தான்.

"இதுக்கு சேட்கிட்ட எழுத்தில் அனுமதி வாங்கினீங்களா?"

"இல்லை" என்றார் இவர்.

"அனுமதியில்லாமல் கட்டினால் காலி செய்ய வைக்கலாம். சேட் இதுவரை பார்க்கவில்லை. நீங்களும் பக்கத்து அறையில் என்ன நடந்தது என்று பார்க்கவில்லை. அப்படித்தானே?"

அவன் போனதும் இவர் என் முகத்தைப் பார்க்காமல், "ரெண்டு பிள்ளைகள வச்சிக்கிட்டு எங்க போவ?" என்றார்.

கோர்ட்டுக்கு முந்தின நாள் லாத்தா கேட்டாள், "அந்தக் காயிதம் இருக்கா புள்ள?"

"தேடுதேன் லாத்தா" என்றேன். தேட என்ன இருந்தது? இருக்கும் இடம் எனக்குத் தெரியும்.

கூண்டில் நின்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் இந்தியில் கேட்டார். அறையில் யாராவது இருந்தார்களா? இல்லை. திரும்பி வருவதாக உங்களிடம் சொன்னார்களா? தெரியாது. வாடகை கொடுக்கச் சொன்னார்களா? ஞாபகமில்லை. லாத்தாவின் வக்கீல் எழுந்து திருப்பித் திருப்பிக் கேட்டார். நான் அதையே சொன்னேன். லாத்தா பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது ஒரே ரயில், ஒரே பெண்கள் பெட்டி. ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் நகர்ந்து எனக்கும் இடம் விட்டாள். குர்லா வந்தது. பிறகு மெதுவாக, "பயந்துட்டியா?" என்று கேட்டாள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு சேட்டுக்குச் சாதகமாக வந்தது. லாத்தா மெஷினைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு கல்யாணில் தங்கை வீட்டுக்குப் போனாள். அறையைப் பகடி என்று ஒரு பெரிய மொத்தத் தொகையை முன்கூட்டி வாங்கிக்கொண்டு வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். குமாஸ்தா அதற்குப் பிறகு எங்களுக்கு வணக்கம்கூடச் சொன்னதில்லை.

மூன்று நான்கு வருடம் கழித்து இவர் அப்போது வைத்திருந்த பட்டறையின் வாடகைத் தகராறுக்காக வேறொரு வக்கீலைப் பார்க்கப் போனோம். பேச்சுவாக்கில் எங்கள் பரணைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார். "கழற்றி எடுக்கிற பலகைப் பரணா? அது நிரந்தரக் கட்டடமே இல்லையம்மா. அதுக்காக யாரும் உங்களை வெளியேற்ற முடியாது."

படியிறங்கும்போது இவர், "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா உள்ளதச் சொல்லியிருப்பியே" என்றார், சமாதானம் போல.

சொல்லியிருப்பேனா? பரண் இல்லையென்றால் வேறொன்றைக் காட்டிப் பயமுறுத்தியிருப்பான். நானும் பயந்திருப்பேன். இவரிடம் அதைச் சொல்லவில்லை. கல்யாணுக்கு ஒரு நாளும் போனதுமில்லை.