வெர்லின் ஸ்டக்கியின் தொண்டை

வெர்லின் ஸ்டக்கிக்குக் கடவுள் மற்றதையெல்லாம் அளந்து கொடுத்துவிட்டு, தொண்டையை மட்டும் அள்ளிக் கொடுத்துவிட்டார். எங்கள் லாம்பர்ட் மாட்டுச் சந்தையில் ஏலம் கூறுகிறவன் அவன்தான். மைக்கில் பேசினால் மாடுகள் மிரள்கின்றன என்று சந்தைக்காரர்களே மைக்கைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். அவனும் நானும் ஒரே வருடம் பள்ளி முடித்தவர்கள், அதனால் எனக்கு அவன் 'அவன்'தான்.

கார்வெல் கல்லூரிக் கூடைப்பந்து அணிதான் அவனுக்குக் குலதெய்வம். அரங்கில் அவன் மனைவி மார்வா அவன் பக்கத்தில் உட்காருவதில்லை. எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவாள். தனக்கு இன்னும் காது கேட்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள ஆசையில்லை என்பது அவள் கட்சி. ஒருமுறை எதிரணிப் பையன் ஃப்ரீ த்ரோ போட, அதாவது யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று வளையத்துக்குள் எறிய, நின்றபோது வெர்லின் ஒரு சத்தம் போட்டான். பந்து வளையத்தைத் தொடாமலே போனது, நாங்கள் ஒரு புள்ளியில் ஜெயித்தோம். அன்றிலிருந்து தானும் அணியில் ஒரு ஆட்டக்காரன் என்று அவனுக்கு நினைப்பு. யாரும் அதைக் கலைக்கவில்லை. செலவில்லாத சந்தோஷம்தானே.

பொழுது விடிந்ததும் என் காபிக் கடையின் மூலை மேஜைக்கு மூன்று பேர் வந்துவிடுவார்கள். வெர்லின், இன்சூரன்ஸ் விற்று ஓய்ந்த ஆர்டன், சோயா பயிர் செய்கிற டெல்மர். காபி ஆறும்வரை மழையைப் பற்றிப் பேசுவார்கள். அப்புறம், அடுத்த வருடம் கார்வெல்லுக்கு எந்தப் பையன் வருவான் என்ற பேச்சு. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அப்படி விசாரிக்க மாட்டார்கள். பையன் உயரம் என்ன, அம்மா உயரமா, இடது பக்கம் பந்தைக் கொண்டுபோவானா, செருப்பு அளவு என்ன? டெல்மருக்குத் தன் சொந்தப் பேரன் எந்த வகுப்பு என்று தெரியாது. எவனோ ஒருவனுடைய செருப்பு அளவு தெரியும்.

போன வருடம் பேச்செல்லாம் பாயிண்ட் கார்டைப் பற்றி. பந்தைக் கொண்டுவந்து யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்கிறவன் அவன். அவன் சரியில்லை என்றால் மற்ற நான்கு பேரும் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். எங்களிடம் இருந்தவன் ஓவன் ப்ரூபேக்கர். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கும் நல்ல பையன். ஆனால் நல்ல பையனாக இருப்பதற்குப் புள்ளி கிடையாதே. எவன்ஸ்வில்லில் மார்க்விஸ் டில்லார்ட் என்று ஒருவன் பள்ளியில் ஆடிக்கொண்டிருந்தான். பந்து அவன் கையில் ஒட்டிக்கொண்டே பிறந்ததுபோல் இருக்கும். அவனைப் பிடித்துவிட்டால் விமோசனம் என்று மூலை மேஜை தீர்ப்பு எழுதிவிட்டது.

பிப்ரவரியில் டில்லார்ட் தன் அம்மாவுடன் கல்லூரியைப் பார்க்க வந்தான். அன்றைக்கு ஆட்டம். கோச் ஹாலிஸ் இருவரையும் அணியின் பெஞ்சுக்குப் பின்னாலேயே உட்கார வைத்திருந்தார். இங்கே ஒரு வழக்கம் உண்டு. வந்திருக்கும் பையன் பெயரைச் சொல்லி அரங்கமே கோஷம் போட வேண்டும், அவன் மனசு குளிர வேண்டும். எப்போது போடுவது என்பதில்தான் விவேகம். வெர்லினிடம் அது மட்டும் கையிருப்பு இல்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் ஓவன் ஃப்ரீ த்ரோ கோட்டில் போய் நின்றான். தங்கள் பையன் எறியும்போது சத்தம் போடாமல் இருப்பது உள்ளூர்க்காரர்கள் மரபு, அரங்கம் அடங்கியது. வெர்லினுக்கு அந்த அமைதி, மாடு ஏறாத ஏல மேடை மாதிரி தெரிந்திருக்க வேண்டும். எழுந்தான்.

"வேணும் வேணும், டில்லார்ட் வேணும்!"

மொத்த அரங்கமும் பிடித்துக்கொண்டது. ஓவன் இரண்டையும் தவறவிட்டான். மறுநாள் காலை வெர்லின் என் கடைக்குள் மாப்பிள்ளை மாதிரி நுழைந்தான். டில்லார்ட் தன்னைத் திரும்பிப் பார்த்தான், காரியம் முடிந்தது என்று சொல்லி, மேஜைக்கே தன் கணக்கில் ஆப்பிள் பை பலகாரம் வாங்கிக் கொடுத்தான்.

ஏப்ரலில் டில்லார்ட் தன் பள்ளியில் கேமராக்கள் முன் உட்கார்ந்தான். எதிரே மூன்று கல்லூரிகளின் தொப்பிகள்; எதை எடுத்துத் தலையில் வைக்கிறானோ அந்தக் கல்லூரிக்கு அவன். எங்கள் தொப்பியைத் தாண்டிக் கையை நீட்டி, ஒஹையோக்காரர்கள் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

மூலை மேஜையில் எழவு விழுந்தது. ஒரு வாரம் எவனும் முட்டையைத் தொடவில்லை. அப்புறம் கோபம் வந்தது, எல்லாம் கோச் ஹாலிஸ் மேல். பையனுக்குப் போன் செய்யாமல் மெசேஜ் அனுப்பினார் என்றான் ஆர்டன். மீன் ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார், ஆற்றங்கரை எவன்ஸ்வில்காரனுக்கு மீனா என்றான் டெல்மர். வெர்லின் ஒருபடி மேலே போய், ஹாலிஸ் தொலைகிறவரை அரங்கத்தில் கால் வைப்பதில்லை என்று சபதம் போட்டான். பால்காரன் முதல் பாதிரியார் வரை எல்லாரிடமும் கோச்சைத் திட்டினான். மார்வா மட்டும் ஸ்வெட்டரின் கையைப் பிரித்துத் திரும்பப் பின்னினாள்.

ஜூலையில் ஒரு காலை ஆர்டன் தன் போனில் வந்திருந்த டில்லார்டின் அம்மாவுடைய பேட்டியைப் படித்துக் காட்டினான். கார்வெல்லை ஏன் விட்டீர்கள் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். கோச் தங்கமானவர், மீன்கூட நன்றாக இருந்தது என்கிறாள் அம்மா. "ஆனா அன்னிக்கு ராத்திரி என் பையன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். அம்மா, கோட்டுல நின்னானே, அவன் அவங்க பையன்தானே? அவனுக்கே இப்படின்னா, நான் தவறவிட்டா என்ன பண்ணுவாங்க?"

வெர்லின் முட்கரண்டியைக் கீழே வைத்தான். காது சிவந்துபோயிருந்தது.

"அத ஆரம்பிச்சது நான்தான்," என்றான்.

"போய்யா," என்றான் டெல்மர். "ஊரே கத்துச்சு. உன் ஒருத்தன் சத்தம் யாருக்குக் கேட்டுச்சு?"

ஆர்டன் இன்னும் தெளிவாக இருந்தான். பையனைப் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார வைத்தது யார்? கோச். ஓவனை அந்த நேரத்தில் ஆட விட்டது யார்? கோச். ஆகவே இதுவும் கோச்தான். வெர்லின் மேஜையைத் தட்டி, குற்றம் தன்னுடையது என்று வாதாடினான். அவர்கள் கொடுப்பதாக இல்லை. மூன்று மாதமாக ஊட்டி வளர்த்த கோபத்தை யாராவது சும்மா தூக்கிக் கொடுப்பார்களா? கடைசியில் அவன் என்னைப் பார்த்தான்.

"நேடீன், நீ எனக்கு ரெண்டு வரிசை பின்னால இருந்தே. சொல்லு."

"நீதான் ஆரம்பிச்சே," என்றேன். "முதல் தடவை நீ தனியாத்தான் கத்தினே."

தலையை ஆட்டினான். காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். வாசலில் நின்று, "இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போய் உக்கார்றது?" என்றான். எனக்கு அவனைப் பார்க்க முதல்முறையாகப் பாவமாக இருந்தது. அந்த இருக்கையை எடுத்துவிட்டால் அந்த மனிதனிடம் மாடும் மார்வாவும்தான் மிச்சம், இரண்டும் அவன் பேச்சைக் கேட்பதில்லை.

ஆகஸ்டில் மாவட்டப் பொருட்காட்சி. என் எலுமிச்சைச் சாறு கடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, அணிப் பையன்கள் குழந்தைகளுக்குப் பந்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் வரிசையில், எல்லாரையும்விட இரண்டு மடங்கு உயரமாக, தொப்பியைக் கையில் பிடித்தபடி வெர்லின் நின்றான். ஓவன் முன்னால் வந்ததும் ஏதோ முணுமுணுத்தான். வாழ்நாளில் அவன் முணுமுணுத்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கேக்கல சார்," என்றான் ஓவன். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

வெர்லினுக்கு இரண்டே அளவுதான். முணுமுணுப்புக்கு அடுத்தது ஏலம்.

"டில்லார்ட் வேணும்னு கத்துனது நான்தான். மன்னிச்சிரு தம்பி."

ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஓவன் பேனாவை மூடினான்.

"தெரியும் சார். ரெண்டு வருஷமா உங்க குரல் எனக்குத் தெரியும். எங்கம்மா டிவியில சத்தத்தக் கொறச்சு வச்சுத்தான் ஆட்டம் பாப்பாங்க."

வெர்லின் தொப்பியைக் கசக்கினான். இனிமேல் வாயைத் திறக்கவே மாட்டேன், அரங்கத்துக்கே வர மாட்டேன் என்றான். ஓவன் சற்று யோசித்தான்.

"வாங்க சார். கத்தவும் செய்யுங்க. பந்து உள்ள போனா எல்லாருமே கத்துவாங்க. நான் தவறவிட்டா கத்துங்க."

நவம்பரில் முதல் ஆட்டம். கோச் ஹாலிஸ் வேலையை விட்டுப் போகவில்லை. வெர்லின் சபதத்தை விழுங்கிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். நாங்கள் ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தோம். ஓவன் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வந்தான். சுற்றியிருந்தவர்கள் ஓரக்கண்ணால் வெர்லினைத்தான் பார்த்தார்கள். முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. அரங்கம் பெருமூச்சு விட்டது.

வெர்லின் எழுந்தான். "ஓவன் ப்ரூபேக்கர்!"

ஒருவரும் சேர்ந்துகொள்ளவில்லை. ஆர்டன் அவன் மேல்கோட்டைப் பிடித்து இழுத்தான். "உக்காருய்யா, மானம் போகுது. அவன் மிஸ் பண்ணிட்டான்யா."

"அதுக்குத்தான் கத்துறேன்," என்றான் வெர்லின்.

ஓவன் பந்தை இரண்டு முறை தரையில் தட்டி, எறிந்தான். அதுவும் வெளியே போனது. வெர்லின் இன்னும் சத்தமாகக் கத்தினான்.