ஜெரினா அக்காவும் அந்தச் சமையல் கார்ட்டூனும்

ஜெரினா அக்கா நேற்று காலை இறந்துபோனார். நெஞ்சு வலிக்குது என்று உட்கார்ந்தவர்தானாம்... ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷன் அவருடையது. பக்கத்து நைட்டி கவுன்ட்டர் என்னுடையது.

இன்று கடைக்குப் போனேன். மதியம் ஸ்டாக் ரூமில் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன்... அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

அந்த ஸ்டாக் ரூமில்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஜப்பான் அனிமே தொடரைப் பார்த்தோம். சமையல் ஸ்கூல் கதை. இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று சமைப்பார்கள், தோற்றவர் ஸ்கூலை விட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

புடவை பண்டல் மேல் போனைச் சாய்த்து வைத்து, கீழே ஓடும் இங்கிலீஷ் வரிகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே சாப்பிடுவேன்.

முதல் நாள் அக்கா முகத்தைச் சுளித்தார். "இன்னாடி அமுதா, பொம்ம படம் பாத்துகினு கீற? சின்னப் புள்ளையா நீ?"

அம்மா போன பிறகு வடக்கனந்தல் வீட்டில் நான் ஒருத்திதான். யாராவது பரபரவென்று வெங்காயம் நறுக்குகிற சத்தம் கேட்டால் நன்றாக இருக்கும், அதற்குத்தான் பார்க்கிறேன் என்றேன்.

அக்கா ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

அவருக்குப் பிடித்துப்போனது வேறு விஷயம். ஒரு வாய் சாப்பிட்டதும் அந்த ஜட்ஜுகள் கண் சொருகி, மேகத்தில் பறந்து, கடலில் விழுந்து எழுந்து... ஒரே ஒரு முட்டைக்கு அத்தனை பாராட்டு.

"எங்க வூட்ல எட்டு பேரு. உப்பு கம்மின்னா மட்டும்தான் வாயத் தொறப்பாங்க. நல்லாருந்தா சத்தமே வராது, நாமளே புரிஞ்சிக்கணும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒரு நாள் அவருடைய கருவாட்டுக் குழம்பில் ஒரு வாய் வைத்துவிட்டு, நானும் ஜட்ஜ் மாதிரி கண்ணைச் சொருகிப் பண்டல் மேல் மயங்கி விழுந்தேன். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"ஏய்... இன்னொரு வாட்டி பண்ணுடி" என்றார். பண்ணினேன்.

ஆனால் அந்தத் தொடரில் ஒரு கண்றாவி உண்டு. சாப்பாடு ருசியாக இருந்தால் சாப்பிடுகிற பெண்களின் துணியெல்லாம் கிழிந்து பறக்கும்.

அக்கா படக்கென்று முந்தானையைப் போட்டு ஸ்கிரீனை மூடிவிடுவார். "சோறு துன்றதுக்கும் துணி பறக்கறதுக்கும் இன்னாடி சம்மந்தம்? துணி விக்கிற நம்மகிட்டயே காட்றான் பாரு."

எனக்கும் அது எரிச்சல்தான். நன்றாக எடுத்துக்கொண்டு வந்து இப்படி அசிங்கப்படுத்துகிறார்களே என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

கடைசி சீசன்கள் அதைவிட மோசம். ஹீரோதான் ஜெயிப்பான் என்று முன்னாலேயே தெரிந்துவிடும். சமையல் குறைந்து வாய்ச்சவடால் கூடிவிட்டது. இருந்தாலும் விடாமல் பார்த்தோம்... மதியம் பேசிக்கொள்ள ஒன்று வேண்டுமே.

அக்காவின் கம்ப்ளெயின்ட் வேறு. "இத்தினி சட்டி பான... யார்டி கழுவுறாங்க? ஒரு நாளாச்சும் காட்றானா?"

கடைசி எபிசோட் வரைக்கும் தேடினோம். காட்டவே இல்லை.

ஒரு தடவை கடையில் எல்லோரும் வேன் பிடித்துக் கல்வராயன் மலைக்கு டூர் போனோம். கரியாலூர் பக்கம் அருவிக்கிட்ட அடுப்பு மூட்டியதும், வழக்கம் போல எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

அக்கா ஒரு பாறை மேல் ஏறிச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இன்னிக்கு நான் ஜட்ஜு. ஆம்பளைங்க ஆக்குங்க."

சூப்பர்வைசர் அண்ணன் கிளறிய தக்காளி சோறு அடிப்பிடித்துவிட்டது. அக்கா ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் யோசித்தார்.

"உப்பு ஜாஸ்தி. அடி தீஞ்சிகீது. அண்ணே, நீங்க ஸ்கூல வுட்டு வெளிய போங்க."

நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் விழுந்து விழுந்து சிரித்தோம். மற்றவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அந்தத் தீய்ந்த சோற்றை அக்கா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

இன்று சாயங்காலம் அவர் பெரிய மகள் போன் செய்தாள். சின்னசேலத்தில் கட்டிக்கொடுத்த பெண். நாளைக்கு மூன்றாம் நாள் பாத்தியா ஓதுகிறார்கள். அதில் இறந்தவருக்குப் பிடித்த சாப்பாடு ஒன்றாவது வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"அமுதாக்கா, அம்மாவுக்கு இன்னாக்கா புடிக்கும்? அத்தா கேக்குறாரு. அவருக்குத் தெரில... எங்க யாருக்குமே தெரில."

"அத்தாவுக்குப் புடிச்சது, தம்பிக்குப் புடிச்சது, எனக்குப் புடிச்சதுன்னுதான் ஆக்குவாங்க..."

எனக்குத் தெரியும்.

உப்புமா. நான் கிண்டுகிற ரவா உப்புமா.

சுமாராகக்கூட இருக்காது. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கிண்டியது, மதியத்துக்குள் கட்டியாகிவிடும். அக்கா தன் கறிக்குழம்பு டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு அதைத்தான் எடுத்துக்கொள்வார். வழித்துச் சாப்பிடுவார்.

"நல்லாவாக்கா இருக்கு?" என்று கேட்டால், "நான் ஆக்கல இல்ல... அதான் நல்லாகீது" என்பார்.

மகளிடம் சொன்னேன்.

"எங்க வூட்ல உப்புமா பண்ணதே இல்லியேக்கா. அத்தாவுக்கு ஆவாது."

"பரவால்ல பாப்பா. நான் கிண்டி எடுத்துகினு வரேன்."

ரவை வாங்கி வந்துவிட்டேன். ஒரு ஆளுக்குக் கிண்டித்தான் எனக்குப் பழக்கம். அத்தனை பேருக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று தெரியவில்லை... கேட்பதற்கும் யாரும் இல்லை.

ஜெரினாக்கா, இருந்து சாப்ட்டுட்டுப் போங்க.