முந்நூறு டம்ளர்

அந்தப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரைத் தெரியாதவர்கள்கூட இருக்கலாம், டம்ளர் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. கேன்டீனில் பேப்பர் கப்பை ஒழித்து எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தபோது, கழுவுவதற்கென்றே வேலைக்கு வந்தவள். குப்பை பாதியாகக் குறைந்தது, எல்லாம் சரி. ஆனால் படித்தவர்களாயிற்றே, குடித்ததைத் திருப்பி வைப்பார்கள் என்று நம்பினார்கள் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டார்கள். டீயோடு அவரவர் அறைக்கு நடையைக் கட்டினார்கள். ஆறே மாதத்தில் அறுநூறு டம்ளர் இருநூறாகிவிட்டது.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். "அக்கா, முந்நூறாவது இருந்தாத்தான் சமாளிக்க முடியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எண்ணுவேன். குறைஞ்சா பழையபடி பேப்பர் கப்தான். அப்புறம் கழுவ ஆள் எதுக்கு, நீங்களே சொல்லுங்க."

அக்காவின் கணவன் இடுப்பு உடைந்து படுக்கையில் கிடக்கிறான். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

கூடையோடு துறை துறையாக ஏறி இறங்கினாள். கணிதத் துறை டம்ளரில் பேனாக்கள் நின்றன. வேதியியலில் ஏதோ நீலமாக நின்றது, அதை அவள் தொடவில்லை. முழங்கால் விட்டுப்போனதுதான் மிச்சம். காலையில் அள்ளி வந்தது மாலைக்குள் மறுபடி மாடியேறிவிட்டது.

புதன்கிழமை அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கவுண்டரில் ஆணி அடித்த பலகையை மாட்டினாள். "டம்ளர் வேணும்னா உங்க கார்டை இதுல மாட்டுங்க. ரூம்ல இருக்கிற டம்ளரோட வந்தா கார்டு வேணாம்."

"என்னக்கா, அடகுக் கடையா?" என்றார் ஒரு குமாஸ்தா.

"ஆமா சார். வட்டி கிடையாது, சந்தோஷப்படுங்க."

அந்த அடையாள அட்டை இல்லாமல் அங்கே ஒரு கதவும் திறக்காது. மேசை இழுப்பறைகளிலிருந்து டம்ளர்கள் வரிசையாக இறங்கி வந்தன. ஆனாலும் வெள்ளிக்கிழமை மேனேஜர் இரண்டு தடவை எண்ணி, "ஏழு குறையுதுக்கா" என்றார். பேப்பர் கப்புக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து சுற்றுச்சூழல் பேராசிரியர் மூச்சு வாங்க வந்தார். டம்ளர் திட்டத்தை எழுதியவரே அவர்தான். "அக்கா, என் கார்டு குடுங்க."

"டம்ளர் எங்க சார்?"

"உள்ள வெச்சுட்டேன். திறந்து வெச்சிருந்த கதவு சாத்திக்கிச்சு. கார்டு இல்லாம திறக்காது."

நம்பிக் கொடுக்கிற நிலையில் அவள் இல்லை. கார்டைத் தானே எடுத்துக்கொண்டு நான்கு மாடி ஏறினாள். கதவு திறந்தது. மேசையில் ஒரு டம்ளர். ஜன்னலோரம் இன்னும் எட்டு, ஒவ்வொன்றிலும் மண், மண்ணில் ஒரு நாற்று.

"இப்பத்தான் வேர் பிடிச்சிருக்குக்கா. ஒரு வாரம் மட்டும்..."

"சார், ஏழு டம்ளர் குறையுதுன்னு கீழ எனக்கு வேலை போயிட்டிருக்கு."

பேராசிரியர் அலமாரியின் அடித்தட்டைக் குடைந்து ஒரு கட்டு பேப்பர் கப்பை எடுத்தார். "பழைய ஸ்டாக்," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். இருவரும் தரையில் உட்கார்ந்து எட்டு நாற்றையும் அதற்கு மாற்றினார்கள். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

கீழே வந்து ஒன்பதையும் கழுவிக் கவிழ்த்தாள். மேனேஜர் விரல் வைத்து எண்ணிவிட்டுப் போனைப் பையில் போட்டார். அவள் குழாயை இறுக மூடினாள்.