கிளச்சில் இருந்த கால்

போன மாதம் மாற்றிய கிளச் பிளேட் அதற்குள் போய்விட்டது. அம்பிட்டிய ஏற்றத்தில் என்ஜின் அலறியதே தவிர கார் ஏறவில்லை; கருகிய வாடை வேறு. கராஜ்காரர் பழைய பிளேட்டைப் போட்டு ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தேன். கணவரை இழுத்துக்கொண்டு சண்டைக்குப் போனேன்.

"ஓட்டிக் காட்டுங்க, பாப்போம்" என்று கணவரிடம் சொல்லிவிட்டுக் கராஜ்காரர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். என்ன பொய் சொல்லப் போகிறாரோ என்று நான் பின்னாலிருந்து அவரையே கவனித்தேன். சிறிது தூரம் போனதும் அவர் கீழே குனிந்து பார்த்தார்.

"அண்ணே, கிளச்சுல இருந்து கால எடுங்க. அப்படியே வச்சிருந்தா பிளேட் தேஞ்சிரும்."

"அப்பவே எடுத்துட்டேனே!" என்றார் என் கணவர்.

எட்டிப் பார்த்தேன். அவருடைய இடது கால் பெடலில்தான் இருந்தது.

"ஏங்க பொய் சொல்றீங்க?" என்றேன்.

அவர் காரை ஓரங்கட்டிவிட்டுத் தன் காலைப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு பயம். நான் இறங்கிப் போய் அந்தப் பாதத்தைக் கிள்ளினேன். அவருக்குத் தெரியவேயில்லை.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துவிட்டதாக டொக்டர் சொன்னார். இப்போது நான்தான் கார் ஓட்டுகிறேன். தினமும் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, எந்த விரல் என்று கேட்கிறேன். சரியாகச் சொல்லிவிட்டால், ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாரோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.