ஊசியக்கா கொடுத்த சாவி

கையில் மாற்றுச் சாவியை வைத்துக்கொண்டே தன் வீட்டு அழைப்புமணியை அழுத்துகிறார் ஊசியக்கா. உள்ளே சுத்தியல் சத்தம். யாரும் வருவதாகக் காணோம். எதிர்வீட்டு வாசலில் நிற்கும் என்னைத் திரும்பிப் பார்த்து, "நாமளா தெறந்துட்டுப் போனா நல்லா இருக்காதில்ல?" என்கிறார். பல வருஷம் குடியிருந்த வீடு. பத்திரம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. தலையை ஆட்டி வைக்கிறேன்.

பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பது அவர் வேலை. ஊசி தோலைத் தொடுவதற்கு முன்பே "அவ்ளோதான், முடிஞ்சிருச்சு" என்பார். நாம் நம்பிக் கையைத் தளர்த்தும்போது ஊசி இறங்கும். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டாம் முறையும் நம்பினேன்.

வீட்டு விஷயமும் அப்படித்தான். கணவருக்கு முழங்கால் போய்விட்டது, மாடிப்படி ஏற முடியவில்லை. தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார்கள். இது விற்றால்தான் அது. வாங்க வந்தது ஓர் இளம் ஜோடி. பெண்ணுக்கு ஏழாம் மாதம். "கொழந்த பொறக்கறதுக்குள்ள வீட்ட மாத்திக் கட்டற வேலைய முடிச்சுக்கறோம் ஆன்ட்டி, லோன் எப்படியும் வந்துரும்" என்றாள். அக்காவுக்கு மனம் இளகிவிட்டது. "அதான் முடிஞ்ச மாதிரிதானே" என்று சாவியைக் கொடுத்துவிட்டு, கணவரோடு நாத்தனார் வீட்டில் ஓர் அறைக்குப் போய்விட்டார்.

"விக்கவும் இல்ல, இருக்கவும் இல்ல. இதுக்குப் பேரு என்ன?" என்று கணவர் தினமும் கேட்கிறாராம். "எனக்கு மட்டும் தெரியுமா?" என்று அக்கா என்னிடம் வந்து கேட்கிறார்.

டைல்ஸ் என்ன நிறம் என்று கொத்தனார் கேட்டால், "அவங்களக் கேளுங்க, எனக்கென்ன" என்பார். அதே மூச்சில், "பச்சை மட்டும் வேணாம், கண்ணக் குத்தும்" என்பார். கீழ்வீட்டில் தண்ணீர் கசிந்தபோது யாரோடு சண்டை போடுவது என்று கீழ்வீட்டுக்காரருக்கே குழப்பம். எதற்கும் இருக்கட்டும் என்று இரு தரப்போடும் தனித்தனியாக முழுச் சண்டை போட்டார்.

நேற்று வங்கியிலிருந்து வீட்டைப் பார்க்க ஒருவர் வந்தார். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன். "ஓனர் யாருங்க?" என்றார். அக்காவும் அந்தப் பெண்ணும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். அவர் வரைபடத்தை விரித்தார். அதில் சமையலறைக்கும் சின்ன அறைக்கும் நடுவே ஒரு சுவர். நேரிலோ செங்கல் குவியல்.

"படத்துல இருக்கற மாதிரி இருந்தாதான் லோனுக்கு எழுத முடியும். திரும்பக் கட்டி வைங்க, வந்து பாக்கறேன்." சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

அந்தப் பெண் சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். "என்னைத் திட்டிருங்க ஆன்ட்டி" என்றாள். அக்காவுக்குத் திட்ட வரவில்லை. கடன் வராவிட்டால் அக்காவுக்குச் சமையலறைச் சுவர் இல்லாத வீடும், அவர் கணவருக்குப் பழையபடி மாடிப்படியும்தான். வந்துவிட்டாலோ, கட்டிய சுவரை அந்தப் பெண் மறுபடி இடிப்பாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கொத்தனார் கரண்டியும் கையுமாக நின்றார். "யாருக்காகக் கட்டறேன்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லிருங்கம்மா. உங்களுக்குன்னா நல்லாக் கட்டணும். அவங்களுக்குன்னா அந்தாளு வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் நின்னாப் போதும்."

அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குவியல் பக்கம் குனிந்து, உடையாத செங்கல் ஒன்றைத் தேடி எடுத்து, உள்ளங்கையால் தூசியைத் தட்டி, கொத்தனாரிடம் நீட்டினார்.